சீந்தில் கொடியும் நோய் எதிர்ப்பாற்றலும்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் வேலியோரத்திலும் வேப்பமரத்திலும் படர்ந்திருக்கும் சீந்தில் கொடியை முதியோர் பலரும் அறிவர். இதய வடிவ இலைகளும், காகிதம்போல் உரியும் மேல்தோலும், கிளைகளிலிருந்து நூல்போல் தொங்கும் வேர்களும் அதன் அடையாளங்கள். அமிர்தவல்லி என்றும் அதற்குப் பெயருண்டு. சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் அதன் கசப்பான தண்டைப் பயன்படுத்துவர். அத்தண்டிலிருந்து எடுக்கப்படும் வெண்ணிற மாவே சீந்தில் சர்க்கரை எனப்படுவது. 2020 ஆம் ஆண்டு கொரோனாப் பெருந்தொற்றின்போது தமிழகமெங்கும் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் 15 மூலிகைகளுள் சீந்திலும் ஒன்றாகும்.

நாம் உண்ணும் உணவு ஆற்றலாக மாறும்போது, நிலையற்ற சில மூலக்கூறுகள் உடலில் உண்டாகின்றன. அவை அளவு மீறினால் உயிரணுக்களைச் சிதைக்கும். அவற்றைத் தணிப்பவையே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். சீந்தில் தண்டின் சாற்றில் இத்தன்மை உண்டென ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. கிருமிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களை அதிலுள்ள கூட்டுச் சர்க்கரைகள் தூண்டுவதையும் அறிவியலாளர் கண்டுள்ளனர். எனினும், இச்சான்றுகளுள் பெரும்பாலானவை ஆய்வகத்திலும் விலங்குகளிடத்தும் பெறப்பட்டவை என்பதை நாம் மறத்தலாகாது.

எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது எல்லோருக்கும் நன்மையே என்று எண்ணுவது இயல்பு. ஆனால், முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களில் எதிர்ப்பாற்றலே தன் உடலைத் தாக்குகிறது. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றப்பட்டவருக்கு, புதிய உறுப்பை உடல் ஏற்க வேண்டுமென்றே எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை மருத்துவர் தருகின்றனர். இத்தகையோருக்கு அதைத் தூண்டும் கசாயத்தைக் கொடுப்பது, ஒரு கையால் அணைத்த நெருப்பை மறு கையால் ஊதுவதற்கு ஒப்பாகும்.

இது வெறும் ஐயமன்று. 2020 ஆம் ஆண்டின் இறுதியில், சீந்திலை உட்கொண்டபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 நோயாளிகளை மும்பை மருத்துவர்கள் கண்டறிந்து, மறு ஆண்டு ஆய்விதழில் வெளியிட்டனர். அடுத்து, நாட்டின் 13 மருத்துவ மையங்களில் இத்தகைய 43 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2022 இல் வெளிவந்தது. அவர்களுள் பலரிடம், எதிர்ப்பாற்றலே கல்லீரலைத் தாக்குவதன் அடையாளங்கள் காணப்பட்டன. ஒத்த தோற்றமுடைய வேறொரு கொடி தவறுதலாகப் பயன்பட்டிருக்கலாம் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் கருத்துத் தெரிவித்தது. அவ்வாறாயினும், நாமே பறித்துக் காய்ச்சும் கொடி எது என்ற கேள்வி நம்முன் நிற்கவே செய்கிறது.

காந்திபுரத்தில் பேருந்தை விட்டு இறங்கி நம் மருத்துவமனைக்கு வரும் குடும்பத்தார் பலர், மாத்திரைச் சீட்டைத் தவறாது கொணர்கின்றனர். வீட்டில் அருந்தும் கசாயத்தைச் சொல்ல மறந்துவிடுகின்றனர். அமுச்சி அன்போடு காய்ச்சித் தந்தது மருந்தாகாது என எண்ணுவதே காரணம். அருள்கூர்ந்து பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்க.

கசாயம், சூரணம், மாத்திரை எதுவாயினும் அதன் பெயரையும் அளவையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்; இயன்றால் பொட்டலத்தையே கொண்டு வாருங்கள்.

எதிர்ப்பாற்றல் சார்ந்த நோயுடையோர், உறுப்பு மாற்றம் பெற்றோர், கல்லீரல் நோயாளிகள், கருவுற்ற மகளிர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் சீந்திலைத் தொடங்க வேண்டாம்.

சீந்தில் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் கூடுதல் கவனம் கொள்க.

கண்கள் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், பசியின்மை, அரிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் கசாயத்தை நிறுத்தி உடனே வாருங்கள். மருத்துவர் எழுதிய மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

சித்த மருத்துவமும் நோயாளியின் உடல்நிலை அறிந்து, அளவறிந்தே மருந்து தருகிறது. சீந்திலின் பெருமையை நாம் மறுக்கவில்லை. அது தங்களுக்கு ஏற்றதா என்பதை முன்கூட்டியே கேட்டறியுமாறு வேண்டுகிறோம். அடுத்த முறை வரும்போது, தாங்கள் சொல்லாமலிருந்த அந்தக் கசாயத்தைப் பற்றியும் எங்களிடம் சொல்லுங்கள். எவரும் தங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.