கண்ணாலும் யோசிக்கலாம்

வாசலில் கோலம் போடப் புள்ளி வைக்கிறீர்கள். இன்னும் ஒரு கோடுகூட இழுக்கவில்லை. ஆனால் முழுக் கோலமும் உங்கள் மனதில் தெரிகிறது. எழுத்துத் தெரியாத நாளிலும் இதைச் செய்தீர்கள். இதுவும் யோசனைதான். கண்ணால் செய்யும் யோசனை.

பெரிய இன்ஜினியர்களும் இப்படி யோசிக்கிறார்கள். நடந்த கதை ஒன்று சொல்கிறோம்.

நாம் மும்பையிலிருந்து ஊருக்குப் போகிறோம். கர்ஜத் தாண்டியதும் ரயில் மலைக்குகைக்குள் நுழைகிறது. காற்று இரைகிறது. ஜப்பானில் ஒரு ரயிலை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட நினைத்தார்கள். அந்த வேகத்தில் குகைக்குள் நுழைந்தால் முன்னால் உள்ள காற்று அமுங்கும். குகையின் மறுபக்கம் வெடிபோலச் சத்தம் கேட்கும். பக்கத்தில் குடியிருப்பவர்கள் எப்படித் தூங்குவார்கள்?

எய்ஜி நகாட்சு என்ற இன்ஜினியருக்குப் பறவைகளைப் பார்ப்பதில் ஆசை அதிகம். மீன்கொத்திப் பறவை அவர் நினைவுக்கு வந்தது. அது மேலிருந்து தண்ணீருக்குள் பாயும். ஆனால் தண்ணீர் அதிகம் தெறிக்காது. ஏன்? அதன் அலகு நீளமானது. நுனியில் கூர்மையாக இருக்கும். பின்னால் போகப் போகப் பருக்கும். அதனால் தண்ணீர் மெல்ல விலகி வழிவிடும்.

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பறவை – ரயில்
அலகு – ரயிலின் மூக்கு
தண்ணீர் – குகைக் காற்று

பார்த்ததோடு விடவில்லை. பல வடிவங்களைச் செய்து சோதித்தார்கள். அலகு போன்ற வடிவமே நன்றாக இருந்தது. 1997இல் அந்த ரயில் ஓடியது. அதன் மூக்கு 15 மீட்டர் நீளம். சத்தம் குறைந்தது.

மீன்கொத்தியை நாமும் பார்த்திருக்கிறோம். மாஹிம் கழிமுகத்தின் பக்கமும் அது வரும். ஆகவே பார்த்தால் மட்டும் போதாது. 'இது எதைப் போல இருக்கிறது?' என்று கேட்க வேண்டும்.

நமக்கும் இது உதவுமா? உதவும். வீடு பத்தடிக்குப் பத்தடி. தையல் மெஷின் வாங்க ஆசை. எங்கே வைப்பது? மெஷினைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தால் இடுப்பு ஒடியும். ஒரு தாள் எடுங்கள். ஓர் அடிக்கு ஒரு விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் அறையை வரையுங்கள். கதவு, அடுப்பு, குழாய் எல்லாவற்றையும் குறியுங்கள். அதே கணக்கில் மெஷினுக்கு ஒரு சிறு தாளை வெட்டுங்கள். அதை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். கதவு திறக்குமா? வெளிச்சம் விழுமா? பிள்ளைகள் படுக்க இடம் இருக்குமா? கடைக்குப் போகும் முன்பே விடை தெரிந்துவிடும்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டோம். அதற்காகப் பழைய அறிவை விட்டுவிட வேண்டாம். பென்சில் எழுத மட்டுமல்ல, வரையவும்தான்.

இன்றே உங்கள் வீட்டை ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.