வீட்டில் இசையமைக்க எந்த மடிக்கணினி? விலையைப் பார்க்குமுன் வேலையைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்ச்சிப் படைப்பாளர் வழங்கிய விளக்கம், வாசகர்களுக்காகக் கட்டுரை வடிவில்)

வீட்டிலிருந்தபடியே இசை படைக்கும் இளையோரைப் பற்றி அண்மையில் எங்கள் கலந்துரையாடல் நிகழ்ச்சியில் பேசினோம். அரங்கில் அமர்ந்திருந்த ஒரு தந்தை ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கி இப்படிச் சொன்னார்: "தம்பி, நான் லோரி ஓட்டுறவன். எனக்குக் கணினியெல்லாம் தெரியாது. மகன் பாட்டு போட மடிக்கணினி கேட்கிறான். கடையில 7,000 ரிங்கிட் சொல்றாங்க. போனஸ் பணம் இருக்கு, வாங்கிக் கொடுத்துடலாம். ஆனா ஒண்ணு சொல்லுங்க, விலை அதிகமா இருந்தா பாட்டும் நல்லா வருமா?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அன்றைய நிகழ்ச்சியில் கேட்கப்பட்ட கேள்விகளில் மிகச் சரியான கேள்வி அதுதான். நேரம் போதாததால் அன்று அவருக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அவரைப் போன்ற பெற்றோர் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையில் சேர்ந்த பணம் முழுவதையும் போட்டு ஒரு கேமிங் மடிக்கணினி வாங்கினேன். "இதுதான் கடையிலேயே சக்தி வாய்ந்தது" என்றார்கள். வண்ண விளக்குகளெல்லாம் எரிந்தன. ஒலிவாங்கி வாங்க ஒரு காசுகூட மிச்சமில்லை.

அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது, என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டைப் பதிவு செய்தேன். மடிக்கணினியிலேயே இருக்கும் சின்ன ஒலிவாங்கியில்தான் பதிவு செய்தேன். கேட்டுப் பார்த்தால் பாட்டியின் குரலுக்கு மேல் 'உஸ்ஸ்' என்று கணினியின் காற்றாடிச் சத்தம்! அடுத்த முறை ஒழுங்காகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை வரவில்லை. பாட்டி இறந்துவிட்டார். அந்தப் பதிவு இன்றும் என்னிடம் இருக்கிறது, காற்றாடிச் சத்தத்தோடு.

அன்று பாதி விலையில் ஒரு கணினியும் மீதிப் பணத்தில் ஓர் ஒலிவாங்கியும் வாங்கியிருந்தால் போதுமே என்று பிறகுதான் புரிந்தது.

கணினிக்குள் என்ன நடக்கிறது?

நாம் பாடும்போது ஒலி மின்னலையாக மாறி, பிறகு எண்களாக மாறிக் கணினிக்குள் போகிறது. குறுந்தட்டுத் தரத்தில் விநாடிக்கு 44,100 முறையும், காணொளிகளுக்கான தரத்தில் 48,000 முறையும் ஒலி அளக்கப்படுகிறது. இந்த எண்களைக் கணினி ஒவ்வொன்றாகக் கையாள்வதில்லை. 128, 256, 1024 என்று கட்டுக் கட்டாக எடுத்துக்கொள்கிறது. இந்தக் கட்டுக்கு 'பஃபர்' என்று பெயர்.

கட்டு பெரிதாக இருந்தால் கணினிக்கு வேலை சுலபம். ஆனால் நமக்குத் தாமதம். 48,000 அளவில் 1024 கொண்ட ஒரு கட்டு நிறைய ஏறக்குறைய 21 மில்லி விநாடி ஆகும். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை என்று கூட்டினால் 42 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் போகும். அப்படியானால் உங்கள் வாத்தியத்தின் ஒலியை 14 மீட்டருக்கும் அப்பால் நின்று கேட்பதற்கு அது சமம்! உறுமி மேளம் அடிக்கும் குழுவில் ஒருவரை மட்டும் தெருக்கோடியில் நிறுத்தி, தாளம் தப்பாமல் அடிக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? அதேதான். கட்டை 128ஆகக் குறைத்தால் அந்தத் தூரம் ஏறக்குறைய 2 மீட்டராகச் சுருங்கும். வாசிக்கும் கைக்கும் கேட்கும் காதுக்கும் ஒத்துப்போகும்.

ஆனால் கட்டு சிறிதானால் கணினி ஒவ்வொரு கட்டையும் மூன்று மில்லி விநாடிக்குள் முடித்தாக வேண்டும். ஒருமுறை பிந்தினாலும் 'டிக்', 'கரகர' என்ற சத்தம் பதிவிலேயே விழுந்துவிடும். ஆகவே, இசைக்கான கணினிக்கு வேண்டியது ஓட்டப்பந்தய வேகம் அல்ல. நேரம் தவறாத வேலை. விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை இதில் ஏறக்குறைய எதற்குமே உதவாது. அத்தகைய கணினியின் விலையில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது!

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் பிராசசர். ஒரு குரலுக்கு எதிரொலி, அழுத்தம், வண்ணம் என்று வரிசையாகச் சேர்க்கும் எஃபெக்டுகள் பெரும்பாலும் ஒரே 'கோர்' மீதுதான் ஏறும். எனவே, எத்தனை கோர் என்பதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வலுவானது என்பதே முக்கியம். அண்மைய ஆண்டுகளில் வந்த நடுத்தரப் பிராசசரே வீட்டு இசைக்குப் போதும்.

இரண்டாவது ரேம் எனும் நினைவகம். வயலின், தவில், பியானோ போன்ற வாத்தியங்களின் உண்மையான ஒலிப்பதிவுகளைக் கணினி ரேமில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறது. குரலும் சில வாத்தியங்களும் மட்டும் என்றால் 8 ஜிபியில் ஒப்பேற்றலாம். புதிதாக வாங்குபவர்கள் 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குவது நல்லது. முழு வாத்தியக் குழுவின் ஒலியையே கணினியில் அமைப்பவர்களுக்குத்தான் 32 ஜிபி தேவைப்படும். இப்போதைய மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது. மேக் மடிக்கணினிகளில் அறவே முடியாது. வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

மூன்றாவது சேமிப்பு. எஸ்எஸ்டி கட்டாயம் வேண்டும். 24 பிட், 48,000 அளவில் பதிவு செய்யும் ஒரு குரல் நிமிடத்திற்கு ஏறக்குறைய 8.6 எம்பி இடம் பிடிக்கும். 20 தடங்கள் கொண்ட 5 நிமிடப் பாட்டு ஒன்றே 1 ஜிபியை நெருங்கிவிடும். 512 ஜிபி இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம்.

நான்காவது அமைதி. காற்றாடியே இல்லாத மடிக்கணினிகள் உள்ளன. 2020 நவம்பரில் எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏர் முதல் இன்றுவரை அந்த வரிசைக்குக் காற்றாடி கிடையாது. மற்றவற்றில் காற்றாடி இருந்தாலும், சாதாரண வேலையின்போது அது சத்தம் போடாமல் இருக்கிறதா என்று கடையிலேயே காதை வைத்துக் கேளுங்கள்.

விண்டோஸா, மேக்கா?

இந்தச் சண்டைக்கு முடிவே இல்லை. கணினியை முடிவு செய்யுமுன் மென்பொருளை முடிவு செய்யுங்கள் என்பதே என் பதில். லாஜிக் புரோ, கராஜ்பேண்ட் இரண்டும் விண்டோஸில் ஓடாது. கராஜ்பேண்ட் மேக்கில் இலவசம். எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ், கியூபேஸ், ரீப்பர் ஆகியவை இரண்டிலும் ஓடும். சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பேண்ட்லேப், இணைய உலாவியிலேயே இலவசமாக இயங்குகிறது. பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா என்று ஒரு காசும் செலவழிக்காமல் தெரிந்துகொள்ள இது நல்ல வழி.

மேக்கில் ஒலிக்கான ஏற்பாடு இயங்குதளத்திலேயே சீராக அமைந்திருக்கிறது. விண்டோஸில் 'ஏசியோ' என்னும் டிரைவர் வழியாக வேலை செய்தால்தான் தாமதம் குறையும். ஒலிக் கருவி தயாரிப்பாளர்கள் அதைத் தங்கள் இணையத்தளத்தில் தருகிறார்கள். ஸ்னாப்டிராகன் சில்லு கொண்ட புதிய விண்டோஸ் மடிக்கணினி என்றால், உங்கள் கருவிக்கு அதற்கேற்ற டிரைவர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தை எடுங்கள். குரோம்புக்கில் பெரிய இசை மென்பொருள்கள் நேரடியாக ஓடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பழைய கணினி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் குறையாமல் இருந்தால்தான் விண்டோஸ் 11க்கு முறைப்படி மாற முடியும். இன்டெல் சில்லு கொண்ட பழைய மேக்குகளுக்கும் 2025இல் வந்த டாஹோ பதிப்புதான் கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது. விலை மலிவு என்று மயங்கிவிடாதீர்கள்.

அறுபதுக்கு நாற்பது

இனி அந்தத் தந்தைக்கான பதிலுக்கு வருகிறேன். கையில் 100 ரிங்கிட் இருந்தால் 60 ரிங்கிட்டுக்கு மேல் மடிக்கணினிக்குச் செலவிடாதீர்கள். மீதி 40 அதற்கு வெளியே போகட்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு.

அந்த நாற்பதில் முதலிடம் 'ஆடியோ இண்டர்பேஸ்' என்ற சிறு பெட்டிக்கு. ஒலிவாங்கியையும் கணினியையும் இணைப்பது இதுதான். இந்தப் பெட்டிகள் பலவற்றில், பாடுபவரின் குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்போனுக்கு வரும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால், மலிவான கணினியிலும் தாமதமின்றிப் பாடலாம். அடுத்து ஒலிவாங்கி. அதற்கடுத்து கம்பியுள்ள ஹெட்போன். புளூடூத் ஹெட்போனில் பாட்டுக் கேட்கலாம். ஆனால் அதன் தாமதத்தில் வாசிக்கவோ பாடவோ முடியாது. கடைசியாக, வேலையைப் பிரதி எடுத்து வைக்க ஒரு வெளிச் சேமிப்பகம். கணினி பழுதானால் வேறு வாங்கலாம். பாட்டு போனால் போனதுதான்.

பெரிய ஒலிப்பதிவுக் கூடம் இருந்தால்தான் சாதிக்க முடியும் என்ற காலம் மலையேறிவிட்டது. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் இசைத் தொகுப்பை, அவருடைய அண்ணன் ஃபினியஸ் பெரும்பாலும் பெற்றோர் வீட்டின் படுக்கையறையில்தான் உருவாக்கினார். 2020இல் அது ஆண்டின் சிறந்த இசைத் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

கடைக்குப் போகுமுன்

லோ யாட் பிளாசாவுக்கோ சிம் லிம் சதுக்கத்துக்கோ கிளம்புமுன் வீட்டில் இருப்பதை ஒருமுறை பாருங்கள். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, இணைய வகுப்புக்காகப் பிள்ளைகளுக்கு வாங்கிய மடிக்கணினிகள் நம்மில் பலர் வீட்டில் உள்ளன. அதன் ரேமைக் கூட்ட முடியுமா, எஸ்எஸ்டி போட முடியுமா என்று பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். முடியும் என்றால் அதுவே தொடங்குவதற்குப் போதும்.

அதைப் பயன்படுத்தும்போது சில எளிய பழக்கங்கள் கைகொடுக்கும். பதிவு செய்யும்போது பஃபரைக் குறைவாகவும், பாட்டைக் கலவை செய்யும்போது கூடுதலாகவும் வையுங்கள். முடிந்துபோன தடங்களை 'ஃப்ரீஸ்' செய்தால் கணினியின் சுமை குறையும். மின்சேமிப்பு முறையை அணைத்துவிடுங்கள். ஒலியில் 'கரகர' கேட்டால் வைஃபையை நிறுத்திப் பாருங்கள். தொடர்ந்து 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல நேரங்களில் இரைச்சல் மறைந்துவிடும். நம் நாட்டு இடி மின்னலுக்கு எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு பேட்டரியில் வேலை செய்யலாம். மடிக்கணினியில் உள்ள பெரிய வசதியே அதுதானே!

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது அந்தத் தந்தையும் மகனும் எனக்காகக் காத்திருந்தார்கள். "வீட்டுல அக்கா படிச்ச கணினி ஒண்ணு இருக்கு அண்ணே, அதுல முடியுமா?" என்று கேட்டான் பையன். என்ன பாடப் போகிறாய் என்று கேட்டேன். தாத்தா உறுமி அடிப்பாராம், அதைப் பதிவு செய்து அதன்மேல் ராப் பாட வேண்டுமாம். தாத்தாவுக்கு எத்தனை வயது என்றேன். 78 என்றான்.

"கணினியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு நல்ல ஒலிவாங்கியும் அந்தச் சிறு பெட்டியும் வாங்கு. இந்த மாதமே தாத்தாவைப் பதிவு செய்துவிடு" என்றேன். அப்பா தலையசைத்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குரலோ கையோ இருக்கலாம். கணினிகள் ஆண்டுதோறும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும். அவர்கள் அப்படி அல்லர். இருக்கும் கணினியை வைத்து, இந்த வார இறுதியிலேயே தொடங்குங்கள்.