369க்குப் பக்கத்தில் 191

புரோ கபடி லீக்கின் ஐந்தாவது சீசனில், 2017ஆம் ஆண்டு, பாட்னா பைரேட்ஸ் அணியின் பர்தீப் நார்வால் 26 ஆட்டங்களில் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். ஒரே சீசனில் அதைத் தாண்டியவர் இன்றுவரை இல்லை. அரியானா ஸ்டீலர்ஸுடன் நடந்த எலிமினேட்டர் ஆட்டத்தில் மட்டும் 34 புள்ளிகள். அதிலும் ஒரே ரெய்டில் 8. அக்டோபர் 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் குஜராத்தை 55-38 என்று சாய்த்து, பாட்னா தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது. சிங்கம்புணரி, திருப்பத்தூர் வட்டாரத்தில் திருவிழா இரவுகளில் மின்னொளிக் கபடி பார்க்கிற பையன்களுக்குக்கூட அந்த 369 அத்துப்படி. அதே அணியில், அதே சீசனில், மோனு கோயத் 191 புள்ளிகள் எடுத்தார் என்பதுதான் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. ஒரு நட்சத்திர ரெய்டரின் கணக்கை எடை போட உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான் என்பது என் கட்சி.

காரணம் கபடியின் விதிகளிலேயே இருக்கிறது. ஆட்டம் 40 நிமிடம், ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. வகுத்துப் பார்த்தால் ஓர் அணிக்குக் கிடைப்பது சுமார் 40 ரெய்டுகள். நட்சத்திரம் அதில் எத்தனை முறை பாடிப் போகிறார் என்பது அவர் திறமையை மட்டும் பொறுத்ததல்ல. பிடிபட்டுவிட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். தானாக எழுந்து உள்ளே வர முடியாது. கூட ஆடுகிற ஒருவர் எதிராளியைத் தொட்டுவிட்டு வர வேண்டும், அல்லது பின்னால் நிற்பவர்கள் வருகிற ரெய்டரை மடக்க வேண்டும். அப்போதுதான் வெளியே போன வரிசைப்படி ஒவ்வொருவராகத் திரும்பலாம். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. போனஸ் கோட்டைத் தாண்டினால் ஸ்கோர் ஒன்று ஏறும், ஆனால் வெளியே இருக்கும் யாரும் உள்ளே வர முடியாது. நட்சத்திரம் வெளியே உட்கார்ந்திருக்கும்போது இரண்டாம் ரெய்டர் போனஸ் எடுத்துத் திரும்புவதும், ஓர் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதும் அட்டவணையில் ஒரே 1தான். ஆட்டத்தில் அவை இரண்டும் ஒன்றல்ல. “ஆளை உள்ளே எடுங்கடா!” என்று ஓரத்திலிருந்து கத்துகிற ரசிகருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். புள்ளி அட்டவணைக்குத்தான் தெரியாது.

ஆக, பர்தீப்பின் 369இல் ஒரு பங்கு, அவர் வெளியே இருந்த நேரங்களில் மற்றவர்கள் எடுத்த புள்ளிகளால் சாத்தியமானது. இது வெறும் யூகமல்ல. அடுத்த இரண்டு சீசன்களே சாட்சி. மோனு வேறு அணிக்குப் போய்விட்ட ஆறாவது சீசனில் பர்தீப் 233 எடுத்தார், பாட்னா பிளேஆஃப் சுற்றுக்குத் தேறவில்லை. ஏழாவது சீசனில் அவர் 22 ஆட்டங்களில் 302 எடுத்தார். யாருடைய வாழ்நாளிலும் பெருமையாகச் சொல்லக்கூடிய எண் அது. ஆனால் அந்த அணியில் இன்னொரு ரெய்டர்கூட நூறைத் தொடவில்லை. பன்னிரண்டு அணிகளில் பாட்னாவுக்குக் கிடைத்தது எட்டாவது இடம். ஒருவர் எண்ணுக்கும் அடுத்தவர் எண்ணுக்கும் நடுவே கிடக்கிற பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்த்தால், அணியின் நிலைமை பாதி புரிந்துவிடும். அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதை உண்டு. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுகிற ரன்னிங் பேக் அங்கே கிட்டத்தட்ட நம் ரெய்டர் மாதிரி. டெட்ராய்ட் அணியின் பேரி சாண்டர்ஸ் 1997இல் 2,053 கெஜம் ஓடினார். அந்த ஆண்டு பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே அவர் அணி வெளியேறியது. ஆனால் அங்கே ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. மொத்தக் கெஜத்தோடு நிறுத்தாமல், எத்தனை முறை ஓடினார் (அந்த ஆண்டு 335), ஒரு தடவைக்குச் சராசரி என்ன என்பதையும் சேர்த்தே பேசுவார்கள். நம் வர்ணனையாளர்கள் மொத்தத்தைச் சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இதை மறுப்பவர்கள் சொல்வது லேசானதல்ல. மோனுவின் 191 எங்கிருந்து வந்தது என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். எதிரணித் தடுப்பாளர்கள் ஏழு பேரும் பர்தீப் எப்போது வருவார், எப்படிக் குனிந்து நழுவுவார் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததால்தான் அடுத்தவருக்கு வழி திறந்தது. மரத்தின் நிழலில் வளர்ந்த செடியை மரத்தோடு ஒப்பிடலாமா என்பது அவர்கள் வாதம். அதற்கு ஆதாரமும் உண்டு. 2018 ஏலத்தில் மோனுவை 1 கோடியே 51 லட்சத்துக்கு அரியானா எடுத்தது. அந்த ஏலத்தின் அதிகபட்ச விலை அதுதான். அரியானா அந்த சீசனில் தன் பிரிவில் கடைசி. நான் இந்த வாதத்தை ஏற்கிறேன். ஏற்றால் என் கட்சி பலவீனமாவதில்லை. பர்தீப் இல்லாத மோனு சுருங்கினார் என்றால், மோனு இல்லாத பர்தீப்பின் அணியும் சுருங்கியது. இரண்டு எண்களும் ஒன்றையொன்று தாங்கி நின்றவை. அரியானா வாங்கியது 191 என்ற எண்ணை. அந்த எண்ணில் பாட்னாவின் மற்ற ஆறு பேருக்கும் பங்கு இருந்தது என்பதை ஏலச் சுத்தியல் சொல்லாது.

நம் ஊர் அணியின் கதை இன்னும் வேதனையானது. தமிழ் தலைவாஸ் லீக்கில் நுழைந்த 2017இல் கேப்டன் அஜய் தாக்கூர் 213 ரெய்டு புள்ளிகள் எடுத்தார், மறு சீசனில் 203. இரண்டு முறையும் அணி தன் பிரிவில் கடைசி. தலைவர் குறை வைக்கவில்லை, அணி தேறவில்லை. பிறகு 2022இல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொட்டி எடுத்தார்கள். அவர் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசனையே இழந்தார். சீசன் முடிந்தது என்று பலரும் கையை விரித்தபோது, நரேந்தர் என்ற அறிமுக வீரர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்து, அணியை முதல் முறையாக அரையிறுதிவரை இழுத்துப் போனார். பவன் நலமாக இருந்திருந்தால் நரேந்தரின் கணக்கு எவ்வளவு இருந்திருக்கும்? நூறோ, நூற்றைம்பதோ. அப்படியானால் அவர் ஆற்றல் குறைந்தவரா? இரண்டாமவரின் எண் சிறியதாக இருப்பது திறமைக் குறைவால் மட்டுமல்ல, வாய்ப்புக் குறைவாலும்தான். ஒப்பிடுகிறவர் இதை மறந்தால் அநியாயம் செய்துவிடுவார்.

ரெய்டர்களுக்குள் ஏன் இந்தச் சண்டை, கோப்பையைத் தருவது பிடிதான் என்று பழைய சடுகுடு ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அதிலும் நிறைய உண்மை இருக்கிறது. எட்டாவது சீசனில் பர்தீப் 1 கோடியே 65 லட்சத்துக்கு யு.பி. யோதாவுக்குப் போய்விட, பாட்னா அப்படியொரு பெரிய பெயர் இல்லாமல் இறங்கி லீக் சுற்றில் முதலிடம் பிடித்தது. ஈரானைச் சேர்ந்த முகமதுரேசா ஷாத்லூயி பின்களத்தில் நின்று 89 டேக்கிள் புள்ளிகள் எடுத்தார். ஆனால் ஒரு டேக்கிள் என்ன செய்கிறது? புள்ளி தருவதோடு, வெளியே உட்கார்ந்திருக்கும் தன் அணி ஆள் ஒருவரை உள்ளே கொண்டுவருகிறது. ஆகவே பிடிகாரரின் எண்ணும் ரெய்டரின் எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது; ஒப்பீட்டில் அதையும் சேர்க்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். அதே சீசனில் யு.பி. அணியில் பர்தீப் எடுத்தது 188. பக்கத்தில் ஆடிய சுரேந்தர் கில், அந்த விலையில் சிறு பகுதிக்கு வந்தவர், எடுத்தது 189. யு.பி. அரையிறுதிக்குத் தேறியது. பர்தீப்பின் முந்தைய ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால் அது அவருக்குச் சரிவு. அணிக்கு அப்படி இல்லை. அவரை மடக்கி வெளியே அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எதிரணி மூச்சு விட முடியாமல் போனது.

விதிவிலக்கு இல்லையா? பெங்களூரு புல்ஸை 2019 ஜனவரி இறுதிப் போட்டியில் பவன் தனியாளாக 22 புள்ளிகள் எடுத்துத் தூக்கி நிறுத்தினாரே என்பார்கள். எடுத்தார்தான். ஓர் இரவில் ஒருவரால் அது முடியும். ஆனால் அந்த இரவுவரை அணியைக் கொண்டுவந்து சேர்த்த சீசனில், கேப்டன் ரோகித் குமாரும் நூறைத் தாண்டி எடுத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு நேர் எதிரான இறுதிப் போட்டி அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்தது. டெல்லியின் நவீன் குமார் 18 புள்ளிகள் எடுத்தார். எதிரே பெங்கால் வாரியர்ஸின் பெரிய ரெய்டர் மணீந்தர் சிங், சீசனில் 205 எடுத்தவர், காயத்தால் களத்திலேயே இல்லை. நபிபக்ஷ், சுகேஷ் ஹெக்டே, நம் தமிழ்நாட்டுப் பிரபஞ்சன் என்று கைமாற்றி ஆடியே பெங்கால் 39-34 என்று கோப்பையை எடுத்தது. இந்தப் பிரபஞ்சன் தலைவாஸில் அஜய் தாக்கூருக்குப் பக்கத்தில் ஆடியவர், பிறகு குஜராத்தோடு இறுதிப் போட்டிக்குப் போனவர். எந்த ஆண்டிலும் பட்டியலின் உச்சியில் அவர் பெயர் இருந்ததில்லை. டெல்லியும் பாடம் படித்துக்கொண்டது போலத்தான் தெரிகிறது. 2022 பிப்ரவரியில் பாட்னாவை 37-36 என்று ஒரே புள்ளியில் வென்று அவர்கள் பட்டம் வாங்கிய இரவில் நவீன் 13 எடுத்தார், பக்கத்தில் ஆடிய விஜய் 14.