சென்னை எவ்வளவு தூரம்?

பெங்களூரில் பயிலும் தமிழ் மாணவரிடம் சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், "விமானத்தில் ஒரு மணி" என்பார் ஒருவர்; "ரயிலில் ஓர் இரவு" என்பார் மற்றொருவர். இருவர் கூற்றும் உண்மையே. அஃது எங்ஙனம் என்பதைக் கணக்கிட்டுக் காண்போம்.

தேவனஹள்ளியிலுள்ள பெங்களூர் விமான நிலையமும் சென்னை மீனம்பாக்கமும் 13 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டியே உள்ளன. தீர்க்கரேகை வேறுபாடு 2.46 பாகை. இப்பகுதியில் ஒரு பாகைக்கு 108 கி.மீ.க்குச் சற்று மிகுதி. ஆகவே கிழக்கு மேற்காக 267 கி.மீ.; வடக்கு தெற்காக 23 கி.மீ. பைதாகரஸ் தேற்றத்தை இட்டால் வான்வழித் தூரம் 268 கி.மீ. என்று வரும். இத்துணைச் சிறு தூரத்திற்குப் பூமியைத் தட்டையெனக் கொள்வதால் பெரும்பிழை நேராது.

ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. பறக்கும். அப்படியானால் 20 நிமிடம் போதுமே! பயணச்சீட்டில் மட்டும் ஒரு மணி ஏன்?

காரணங்கள் மூன்று. முதலாவது, சீட்டிலுள்ள நேரம் பறக்கும் நேரமன்று. ஒரு நிலையத்தில் விமானம் நின்ற இடம்விட்டு நகர்வது முதல் மறு நிலையத்தில் வந்து நிற்பது வரையுள்ள நேரம். இரண்டாவது, 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கி.மீ. அளவுக்குள்தான் பறக்க வேண்டும். குறுகிய பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி. மூன்றாவது காற்று. விமானம் காற்றை எதிர்த்தே எழும்பும், இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் இங்கே மேற்கு நோக்கி எழும்பிப் பின் கிழக்கே திரும்பும். சென்னையைத் தாண்டிக் கடல்மேல் சென்று வளைந்து வந்து இறங்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுதான்!

இவ்வாறு செலவாகும் நேரம் தூரம் குறைந்தாலும் பெரிதும் குறையாது. தில்லி இங்கிருந்து 1,700 கி.மீ.; சென்னையைப்போல் ஆறு மடங்குக்கு மேல். பயண நேரமோ மூன்று மடங்குகூட இல்லை.

வீட்டு வாசலிலிருந்து அளந்தால் கணக்கு இன்னும் மாறும். 2008 மே மாதம் பயணிகள் விமானங்கள் நகரை அடுத்த பழைய எச்.ஏ.எல். நிலையத்தைவிட்டு, நகர நடுவிலிருந்து 35 கி.மீ. அளவிலுள்ள தேவனஹள்ளிக்கு மாறின. கணக்கிட்டுப் பார்த்தேன்: புதிய நிலையம் சென்னைக்கு 3 கி.மீ. அருகில் இருக்கிறது! வானில் சென்னை நெருங்கிவந்தது. நகரவாசிக்கோ விலகிப் போயிற்று.

மற்றோர் அளவும் உண்டு: அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்கும் நேரம். சென்ற ஆண்டு ஆடியில், பாட்டிக்கு உடல்நலம் மோசம் என்று சென்னையிலிருந்து இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது. எனக்குக் கிடைக்கக்கூடிய விமானம் மறுநாள் காலையில்தான். இரவு மெயிலில் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டு சென்றேன். ரயில்பாதை 360 கி.மீ. அளவு, வான்வழியைவிட நீளம்தான். எனினும் விடியற்காலையில் பாட்டி கண்விழித்தபோது நான் கட்டிலருகே இருந்தேன்.

ஆகவே நண்பர்களே, ஊருக்குப் புறப்படும்போது கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். விடுதி வாசல் முதல் வீட்டு வாசல் வரை ஆகும் நேரம் முழுவதையும் கூட்டிப் பாருங்கள். நமக்கு வேண்டிய தூரம் அதுவே.