ஃபில்டர் மாத்தியும் ஆயில் ஒழுகுதா? இதைச் செக் பண்ணுங்க!

ஆயில் சர்வீஸ் முடிந்த கையோடு காருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா? உடனே ஃபில்டரை இன்னும் இறுக்காதீங்க. காரணம் வேறாக இருக்கலாம்.

திருகி மாட்டும் ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் கேஸ்கெட் இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது, சில நேரம் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புதுசை மாட்டினால், ஒன்றின் மேல் ஒன்றாக 2 கேஸ்கெட். பிரஷர் ஏறியதும் அது பிதுங்கி, சில நிமிடங்களில் ஆயில் மொத்தமும் வெளியேறிவிடலாம்.

என்ன செய்யணும்?

இன்ஜின் ஆறியதும் ஃபில்டரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைத் துடைத்து விரலால் தடவிப் பாருங்க. புது கேஸ்கெட்டில் லேசாக ஆயில் பூசுங்க. கேஸ்கெட் இன்ஜினைத் தொட்டபின், கையாலேயே சுமார் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும். சரியான அளவு ஃபில்டர் மேலேயே அச்சிட்டிருக்கும்.

அப்பவும் நிக்கலையா?

மேலே பாருங்க. ஆயில் பிரஷர் சுவிட்ச், வால்வு கவர் போன்றவற்றில் கசியும் ஆயிலும் வழிந்து வந்து ஃபில்டரில் சொட்டலாம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஈரம் முதலில் எங்கே தெரியுதுன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

ஓட்டும்போது சிவப்பு ஆயில் லைட் எரிந்தால், 'பக்கத்துல மெக்கானிக் ஷாப் இருக்கு, போயிடலாம்' என்று நினைக்காதீங்க. ஓரமாக நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் இன்ஜின், சில நிமிடங்களிலேயே சீஸ் ஆகிவிடலாம்.