சுடோகு வகைப் போட்டிக்கு ஆயத்தம்

வரிசை, நிரல், ஒன்பது அறைகள் கொண்ட சிறு கட்டம் ஆகிய ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரையிலான எண்கள் ஒருமுறையே வர வேண்டும் என்னும் சுடோகுவின் அடிப்படை விதியோடு புதிய விதியொன்று சேரும்போது சுடோகு வகை ஒன்று பிறக்கிறது. இத்தகைய வகைகளும் இடம்பெறும் உலகச் சுடோகு போட்டி 2017இல் பெங்களூரில் நடைபெற்றது. அவ்வளவு தொலைவு செல்லாமலே, லாஜிக் மாஸ்டர்ஸ் இந்தியா அமைப்பின் இணையப் போட்டிகளில் செஞ்சி போன்ற ஊர்களின் மாணவரும் பங்கேற்கலாம்.

இப்போட்டிகளின் விதிக்கையேடு முன்னரே வெளியாவதால் அதை ஊன்றிப் படிப்பதே முதற்பயிற்சி. சான்றாக, புள்ளிக்கோட்டுக்குள் அடங்கிய அறைகளின் கூட்டுத்தொகையை மட்டும் தரும் கில்லர் வகையில், ஈரறைத் தொகை 17 எனில் அவை 8, 9 என்பதும், முழு வரிசையின் தொகை எப்போதும் 45 என்பதும் மனத்தில் பதிய வேண்டும். எட்டு அறைகளின் தொகை 41 எனத் தெரிந்தால், எஞ்சிய அறைக்குரியது 4. இந்த 45தான் இவ்வகையின் மிக வலிமையான கருவி. கடிகாரத்தை வைத்துப் பயில்வதை மாணவர்கள் இதன் பின்னரே தொடங்கட்டும்.