முதல் முடிச்சு வீட்டில்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த தலித் மாணவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதாகக் கைதானவர்களில், அவருடன் படித்தவர்களும் இருந்தனர். சாதிச் சீண்டல் தாங்காமல் அதற்கு முன்பே அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார்.

இதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டத் தடை, அகர வரிசைப்படி இருக்கை எனப் பரிந்துரைத்தது. கையில் உள்ள கயிற்றைப் பள்ளி அவிழ்க்கலாம். 'அவங்க வீட்டுல தண்ணி குடிக்காதே' என்று பெரியவர்கள் மனதில் போடும் முடிச்சை?

அதை அவிழ்க்க வேண்டியவர்கள் பெற்றோரே. அதேபோல், பிள்ளை திடீரெனப் பள்ளிக்குப் போக மறுத்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேளுங்கள். பள்ளியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

அந்த மாணவர் 2024 பிளஸ் 2 தேர்வில் 469 மதிப்பெண் பெற்றார்.